கழுத்தொடிச்சி

மின்னல்ராணியைத் தோளில் தூக்கியாயிற்று. இனிக் கீழே போட வேண்டியதுதான் பாக்கி.

கழுத்தொடிச்சியால் போட முடியவில்லை.

போடாதே, போடாதே என்று ஆயிரம் பேர் எழுந்து நின்று கத்தினார்கள். வாய்தான் அப்படிக் கத்தியது. போட்டால் தேவலை என்றுதான் உள்ளுக்குள் அத்தனை பேருக்கும் இருந்தது.

நடுவர் பக்கத்தில் வந்து பல்லைக் கடித்தார். மூன்று எண்ணுவதற்குள் போட வேண்டும், விழுந்த மின்னல்ராணி எழுந்து கடைசியில் ஜெயிக்க வேண்டும் என்று காலையிலேயே பேசி வைத்தது. இப்போது எண்ணினால் பத்தாவது வந்திருக்கும்.

இதே மல்யுத்த ரிங்தான். இதே தூக்குதான். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் இவள் போட்டாள், மின்னல்ராணியின் கழுத்து நிஜமாகவே ஒடிந்துவிட்டது.

அதுவரை இவளுக்கு வேறு ஏதோ பெயர் இருந்தது. ஸ்ட்ரெச்சர் வெளியே போன மறுநாளே கம்பெனிக்காரர்கள் கழுத்தொடிச்சி என்று பெயர் சூட்டிக் கறுப்பு உடையும் தைத்துவிட்டார்கள். நான்தான் ஒடித்தேன் என்று மைக்கைப் பிடித்து ஊர் ஊராகச் சிரித்துக் காட்டுவது இவள் வேலையாயிற்று. சிரித்துவிட்டு வந்து, குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் அழுவாள்.

ஜனங்களுக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. இவள் மின்னல்ராணிக்கு நாத்தனார். ஒரே வீடு, ஒரே அடுப்பு. கம்பெனி உத்தரவுப்படி வேறு வேறு வண்டியில் கிளம்பி, ஒரே வாசலில் போய் இறங்குவார்கள்.

அண்ணி கழுத்தில் பட்டையோடு கிடந்த எட்டு மாதமும் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, சிக்கெடுத்து, சடை பின்னிவிட்டது இந்தக் கழுத்தொடிச்சிதான். ஆனால் பேச்சு கிடையாது. அண்ணி வாயைத் திறந்தாலே, பால் பொங்குகிறது என்று எழுந்து ஓடிவிடுவாள். வீட்டில் பால் வாங்காத நாளிலும் பொங்கியது.

இன்று மறுபடி ரிங்கில் இறங்குவது என்றானபோது, அதே தூக்குதான் வேண்டும் என்று அடம்பிடித்தது அண்ணி. அண்ணன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். தாயும் தகப்பனும் போன பிறகு, ஐந்து வயதிலிருந்து இவளை வளர்த்து ஆளாக்கியவர் அவர். அவர் முகத்தை இவளால் பார்க்க முடியவில்லை.

தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. தூக்கியவள், தோளில் கிடப்பவளின் விரலை ஒருமுறை அழுத்த வேண்டும். தயாரா என்று அர்த்தம். அவள் தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு திருப்பி அழுத்தினால்தான் போட வேண்டும்.

அண்ணியின் விரல் கைக்குள்தான் இருந்தது. அழுத்தத்தான் தைரியம் வரவில்லை. இறக்கிவிட்டுவிடலாம், இன்றோடு இந்தப் பிழைப்பே வேண்டாம், வீட்டை விட்டும் போய்விடலாம் என்று முடிவே கட்டிவிட்டாள்.

அப்போது காதோரம் அண்ணியின் மூச்சு பட்டது.

"அன்னைக்கு ஒரு கதையப் பாதியில விட்டியே. பக்கத்து வீட்டம்மா டிவியில உன்னப் பாத்துட்டு, இவளையெல்லாம் யாரு வளத்தாங்கன்னு கேட்டாங்க. அதுக்கு உங்கண்ணன் என்னதான்டி சொன்னாரு?"

கழுத்தொடிச்சி தோளை இன்னும் நிமிர்த்திப் பிடித்தாள்.

அந்தப் பேச்சுதான். அன்று விரல் அழுத்தியான பிறகு, இவள் வாய் சும்மா இராமல் காதில் ஓதிய அந்தப் பாதிப் பேச்சுக்குத்தான் அண்ணி சிரித்தாள். சிரித்ததில் தாடை மேலே போய்விட்டது. வியர்வையில் வழுக்கியது என்றுதான் டாக்டரிலிருந்து கட்டின புருஷன் வரை எல்லோரிடமும் சொல்லி வைத்தாள். மிச்சத்தை அவரிடம் கேட்டால் நாத்தனார் மாட்டிக்கொள்வாளே என்று ஒன்றரை வருஷம் கேட்காமலும் இருந்திருக்கிறாள்.

தலையைத் திருப்பினாள். அண்ணியின் காதில் சொன்னாள்.

"வளத்தவனைச் செருப்பால அடிக்கணுங்கன்னு சொல்லிட்டு, டிவியை அணைச்சிட்டாரு அண்ணி."

தோளில் கிடந்த உடம்பு குலுங்கியது. அடங்கியது. மறுபடி குலுங்கியது.

கழுத்தொடிச்சி காத்திருந்தாள். கத்துகிறவர்கள் கத்தட்டும், நடுவர் கடிக்கிற பல் உடைந்தால் உடையட்டும். குலுக்கம் முழுக்க அடங்கி, அண்ணியின் தாடை நெஞ்சில் போய் ஒட்டியது. அதன் பிறகுதான் விரலை அழுத்தினாள்.

பதிலுக்கு அண்ணி அழுத்தினாள். இன்னொரு தடவையும் அழுத்தினாள். இரண்டாவதற்குத் தொழிலில் அர்த்தம் கிடையாது.

போட்டாள்.

பலகை அதிர்ந்தது. முதுகில் பாந்தமாக விழுந்த அண்ணி புரண்டு படுத்து முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. ஐயோ பாவம், அழுகிறாளே என்று அரங்கமே பதறியது.

கழுத்தொடிச்சி இடுப்பில் கைவைத்துச் சிரிக்க வேண்டிய இடம் அது. சிரித்தாள். கண்ணீர் வழிய, வயிறு வலிக்கச் சிரித்தாள்.

முதல் வரிசையில் ஒருவர் நாற்காலி மேல் ஏறி நின்று, தொண்டை கிழியக் கத்தினார்.

"இவளையெல்லாம் யாருய்யா வளத்தது?"

அவ்வளவுதான். கீழே கிடந்த அண்ணியால் சிரிப்பை அடக்க முடியவில்லை. கையால் தரையைப் படபடவென்று அடித்தாள்.

ரிங்கில் தரையைத் தட்டினால் தோல்வியை ஒப்புக்கொண்டதாகக் கணக்கு. நடுவர் தலையில் அடித்துக்கொண்டு, மணியடிக்கச் சொல்லிக் கையை ஆட்டினார்.