பதில் வந்துசேரும் தூரம்

ஜன்னல் வெயில் அப்பாவின் போர்வையில் பாதி ஏறியிருக்கிறது. பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் யாருக்கும் பதில் சொன்னதில்லை. "அப்பா, டீ போடட்டுமா?" என்று கேட்டுவிட்டு மகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கோள்களையெல்லாம் தாண்டிப் போய்விட்ட விண்கலத்துக்குக் கட்டளை அனுப்புவது அவள் வேலை. இன்று கேட்டால் நாளை மறுநாள்தான் பதில் வரும். "அவருக்கு எங்க புரியுது, விடு," என்கிறான் அண்ணன், வாசலில் நின்று கார் சாவியை ஆட்டியபடி. "கேள்வி போய்ச் சேரணும், அப்புறம் பதில் திரும்பி வரணும்ல. கொஞ்சம் சும்மா இருண்ணா." வெயில் போர்வை மடிப்பைத் தாண்டி அவர் கைக்கு வருகிறது. உதடு மெல்லப் பிரிகிறது. "சக்கரை... கம்மியா." சாவிச் சத்தம் நின்றுவிடுகிறது. அண்ணன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்கிறான். "அப்பா, நான் வந்திருக்கேன், தெரியுதா?" கேட்டுவிட்டு, அவனும் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறான்.