நடுவில் ஒரு ஸ்டூல்

கண்ணுகளா, அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலத்து எங்கள் ஊர்ச் சாப்பாட்டுக் கடை இது. கவுன்ட்டர் மேல் காலை வெயில் மங்கலாகக் கிடக்கிறது. மெர்லும் அவர் தம்பி டுவைட்டும் ஆளுக்கொரு கட்சிக்கு ஓட்டுப் போட்டதிலிருந்து நேராகப் பேசிக்கொள்வதில்லை. இருவருக்கும் நடு ஸ்டூலில் உட்காரும் அவர்கள் அக்கா ஓப்பல்தான் இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கம் கொடுப்பாள். அவளைப் போன வாரம் அடக்கம் செய்தாயிற்று. ஸ்டூல் காலியாக இருக்கிறது. எல்லை தாண்டி வேலைக்கு வருகிறவர்களைப் பற்றிச் சுவரில் டிவி கத்துகிறது. “எல்லையை இழுத்து மூடினாத்தான் நாடு உருப்படும்,” என்று மெர்ல் தன் தட்டைப் பார்த்துச் சொல்கிறார். “மூடிட்டா இவரு கோழிப் பண்ணையில யாரு வேலை செய்வான்னு கேளு, லோர்னா,” என்று பரிமாறுகிறவளிடம் சொல்கிறார் டுவைட். “கேக்கறவன் ஒரு கோழியாவது பிடிச்சிருக்கானான்னு கேளு,” என்கிறார் மெர்ல். “நான் காபி ஊத்த வந்தவ, என்னை விடுங்க,” என்று லோர்னா டிவியின் சத்தத்தை நிறுத்துகிறாள். டுவைட்டின் முட்டை ஆறிக்கொண்டிருக்கிறது. “அந்தாளுகிட்ட கெச்சப் வேணும்னு சொல்லு.” லோர்னா வாய் திறக்குமுன் மெர்ல் ஒரு விரலால் பாட்டிலைத் தள்ளுகிறார். அது காலி ஸ்டூலுக்கு நேராக வந்து நின்றுவிடுகிறது. டுவைட் கை நீட்டவில்லை. முட்டையை அப்படியே தின்கிறார். லோர்னா பழக்க தோஷத்தில் மூன்று கோப்பைகளில் காபி ஊற்றிவிடுகிறாள். நடுக் கோப்பையின் ஆவி அடங்கும்வரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.