கூண்டில் ஏறிய நீதிபதி

“வெறும் கம்பியா? எனக்கா?”

ஓய்வுபெற்ற நீதிபதி சிரித்தார். தீர்ப்பு வாசிப்பதற்கு முன்னால் சிரிக்கும் அதே சிரிப்பு. உடற்பயிற்சிக் கூடத்தில் எடை தூக்கிக்கொண்டிருந்த பெரியவர்கள் நாலைந்து பேர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, அவரவர் முழங்கால் வலிக்குத் திரும்பினார்கள்.

“கம்பியே இருபது கிலோ, ஐயா. அதைத் தோள்ல வெச்சு உக்காந்து எழுந்து பாருங்க. அப்புறம் ரெண்டு பக்கமும் எடைத் தட்டு மாட்டலாம்” என்றான் பயிற்சியாளன்.

“என் சம்சாரம் எவ்வளவு தூக்குறா?”

“அம்மா நாப்பது. ஆனா அவங்க ஒரு வருஷமா வர்றாங்க.”

“அப்போ எனக்கு நாப்பத்தஞ்சு.”

பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். “ஏங்க, நேத்து பாட்டில் மூடியைத் திறக்க என்னைத்தானே கூப்பிட்டீங்க?”

“அது வீட்டு விவகாரம். சபையில கொண்டுவராதே.”

பயிற்சியாளன் அவளைப் பார்த்தான். “மாட்டுப்பா” என்றாள் அவள்.

எடையைத் தோளில் ஏற்ற நிற்கும் அந்த நான்கு கால் இரும்புச் சட்டத்துக்கு அங்கே கூண்டு என்று பெயர். ஆயுள் முழுக்க மற்றவர்களையே கூண்டில் ஏற்றிப் பழகியவர், முதன்முறையாகத் தாமே ஏறினார்.

பயிற்சியாளன் கூண்டின் இரண்டு பக்கமும், இடுப்புக்குக் கீழே, தடித்த இரும்புத் தண்டுகளைச் செருகினான். “ஐயா, இந்தத் தாங்கி ரெண்டும் எதுக்குன்னா...”

“குறுக்கே பேசாதே. எனக்கு விளங்கிடுச்சு.”

பையன் உடனே வாயை மூடிக்கொண்டான். மனைவியைக் கூட்டிவந்து விடும்போதெல்லாம் பார்த்த இந்தப் பணிவுக்காகத்தான் நீதிபதிக்கு அவனைப் பிடிக்கும். தம் பணிக்காலத்தில் இவ்வளவு நம்பகமான ஒரு முகத்தை எந்தச் சாட்சியிடமும் கண்டதில்லை என்று வீட்டில் பலமுறை சான்றளித்திருக்கிறார்.

கம்பி தோளில் ஏறியது. ஓரடி பின்னால் வந்தார். எல்லோரும் பார்க்கிறார்களா என்று கண்ணாடியில் சரிபார்த்துக்கொண்டு இறங்கினார். இறங்குவதில் ஒரு கம்பீரம் இருந்தது. ஏறுவதுதான் நடக்கவில்லை.

எங்கோ ‘டங்’ என்று ஒரு சத்தம். தம் முதுகெலும்புதான் என்று முடிவுகட்டினார்.

உந்திப் பார்த்தார். கம்பி அசையவில்லை. இன்னொரு முறை உந்தினார். காதுக்குள் ரத்தம் இரைந்தது. தொடைகள் வெடவெடவென்று நடுங்கின. வியர்வை கண்ணில் இறங்கி எரிய, கண்ணை இறுக மூடிக்கொண்டார். இருட்டில் ஒன்றுதான் தெரிந்தது: கையை விட்டால் கழுத்து போய்விடும்.

“பிடிங்க! யாராவது பிடிங்க!”

“ஐயா, கையை விட்டுட்டு அப்படியே...”

“விட்டா நசுங்கிடுவேன்டா! வாயை மூடு!”

வாயை மூடினான். மறுபடி ஏதோ சொல்ல வந்தவனைப் பார்த்து, மனைவி உதட்டில் விரல் வைத்தாள். பிறகு எழுந்து வந்து, கணவரின் பக்கத்தில் அலுங்காமல் குந்தி உட்கார்ந்தாள்.

“என்னங்க, ரொம்ப கனமா?”

“போயிட்டேன்டி. நெஞ்சை அடைக்குது. இதான் கடைசி.”

“அபசகுனமா பேசாதீங்க. ஏதாவது சொல்றதா இருந்தா மட்டும் சீக்கிரம் சொல்லிடுங்க.”

“பாப்பா... பாப்பாவைப் பார்க்கணும்.”

மூன்று வருடமாக அந்தப் பெயர் வீட்டில் பேசப்படவில்லை. மகள் தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்ட அன்று, மாப்பிள்ளை யார் எவர் என்று நீதிபதி விசாரிக்கவில்லை. நீட்டிய போட்டோவைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இருவருக்கும் வாசற்படி தடை, மேல்முறையீடு கிடையாது என்று நின்ற இடத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். மனைவி அன்றிலிருந்து மகளைத் தெருமுனையில் நின்றுதான் பார்த்துவருகிறாள்.

“அவ தனியா வரமாட்டாளே. அவரும்தான் வருவாரு” என்றாள்.

நீதிபதி பல்லைக் கடித்து உந்தினார். தொடை இன்னொரு முறை உதறியது.

“வரட்டும்!”

“வாசலோடயா, உள்ளேயா?”

“உள்ளேதான்டி!”

“சாப்பாடு?”

“போடு! ரெண்டு பேருக்கும் போடு! முதல்ல இதைத் தூக்கச் சொல்லுடி!”

எடையை வைத்துவிட்டுப் பெரியவர்கள் சுற்றிலும் கூடிவிட்டார்கள். “நாலு பேர் முன்னால சொல்லியிருக்கீங்க. நாளைக்கு வீட்டு விவகாரம்னு ஒத்திவைக்க மாட்டீங்களே?” என்றாள் மனைவி.

“மாட்டேன்... தீர்ப்பு தீர்ப்புதான்.” குரல் உடைந்தது. “அந்தப் பையனோட மூஞ்சியைக்கூடப் பார்க்கலையே நான். ஒரு வார்த்தை பேச விட்டிருக்கலாம். பார்க்காமலே கண்ணை மூடப்போறேன்.”

“மூடினது போதும். திறந்து பாருங்க” என்றாள் மனைவி.

திறந்தார். எதிரே, மூக்குக்கு நேராக, பயிற்சியாளன் குனிந்து நின்றான். எப்போதும்போலப் பணிவாகத்தான் பேசினான்; ஒரு சொல் மட்டும் மாறியிருந்தது.

“கம்பி அப்பவே தாங்கி மேல உக்காந்துருச்சு, நீங்களும் கையை விட்டுட்டு அப்படியே தரையில உக்காருங்க, மாமா.”