ஓட்டுநரின் கேள்வி

மேயர் தேர்தலில் நிற்கும் டீச்சரின் பிரசாரக் கூட்டம்; பள்ளிக்கூட மண்டபத்தில் எள் விழ இடமில்லை. சன்னல் வெயில் விழும் நடு வரிசையிலிருந்து பேருந்து ஓட்டுநர் ஒருவர் எழுந்து மைக்கை வாங்குகிறார். "டீச்சர், உங்க சாமி வேற, எங்க சாமி வேற. நீங்க மேயரானா உங்க ரூம் கதவு எங்களுக்குத் திறக்குமா?" "பேச்சை மாத்துக்கா" என்று மேடையோரத்தில் கெஞ்சுகிறான், பிரசாரத்தைக் கவனிக்கும் டீச்சரின் தம்பி. டீச்சர் நாற்காலியைத் தள்ளிவிட்டு மேடை விளிம்புக்கே வந்துவிடுகிறார். "தினமும் கும்பிடுறேன். அதை மறைச்சு ஓட்டுக் கேக்க மாட்டேன். ஆனா அந்தக் கதவு என் சாமியோடது இல்ல, உங்களோடது. நான் சாத்துனா உடைச்சிட்டு வாங்க!" பின்வரிசையில் கிளம்பும் கைதட்டல் கூரையைப் பிய்க்கிறது. ஓட்டுநர் மட்டும் தட்டவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, "நெசமாவே உடைப்பேன், டீச்சர்" என்று கையை நீட்டுகிறார். டீச்சர் குனிந்து அதை இறுகப் பற்றிக்கொள்கிறார்.