கோட்டுப் போட்ட அப்பா

தங்கராஜு அன்று கடைக்கு வந்ததே ஓர் அப்பாவை வாங்கத்தான்.

“இவரு யாருன்னே தெரியாதுங்க. ஜப்பான்காரன் காலத்துக்கு முந்தி படம் எடுத்துக்கிட்டவரு, வாங்க வரவே இல்ல,” என்று ஒரு பழைய படத்தை நீட்டினார் ஐயாவு. கோலசிலாங்கூரில் ஸ்டூடியோ வைத்திருப்பவர். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைப் பெரிதாக்கி, கையாலேயே வண்ணம் தீட்டுவார். “ராசியான முகம்லா. கோட்டு என்ன கலர்ல வேணும்?”

“மெரூன் போடுங்க. யாராச்சும் கண்டுபிடிச்சிட்டா?”

“சொந்தக்காரங்களே தேடி வரல, வேற யாரு வரப் போறா?”

தங்கராஜுவின் நிஜ அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஒரு போட்டோகூட எடுக்காமல் போய்ச் சேர்ந்துவிட்டார். தாமான் குடியிருப்பில் வாங்கிய புது வீட்டில் கலர் டிவி இருந்தது. சுவரில்தான் அப்பா இல்லை. ஞாயிற்றுக்கிழமை மகள் அம்சவள்ளியைத் தன் மகனுக்குப் பெண் பார்க்க வரும் சபாக் ஊர்ச் சிவானந்தமோ, வாயைத் திறந்தால் “எங்கப்பா நூறு ஆள வேலை வாங்கின பெரிய மண்டோரு” என்பவர். அவருக்கு வெறுஞ்சுவரையா காட்டுவது? செத்துப் பதினெட்டு வருஷம் கழித்து, தங்கராஜுவின் அப்பாவுக்குத் தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை கூடத்துக்குள் நுழைந்த சிவானந்தம், மாலை போட்ட படத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

“இது... யாருங்க?”

“எங்கப்பாங்க. கிராணியா இருந்தவரு.”

“உங்க சொந்த அப்பாவா?”

போச்சு, மனுஷன் ஆளை அடையாளம் கண்டுவிட்டார்! வீண் ஜம்பத்துக்காகப் பெற்ற மகள் வாழ்க்கையில் மண்ணைப் போட்டேனே என்று தங்கராஜு உள்ளுக்குள் அழுதார். பையனும் பெண்ணும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டதை அப்பாக்கள் இருவருமே கவனிக்கவில்லை.

தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டு, சிவானந்தம் தங்கராஜுவை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனார். சிவானந்தத்துக்குத்தான் வேர்த்துக் கொட்டியது.

“சம்பந்தி, பொண்ண எங்களுக்குப் பிடிச்சிருக்கு. தையிலேயே கல்யாணத்த வச்சிடலாம். ஆனா ஒண்ணு, எங்க வீடு பாக்க இப்ப வந்துடாதீங்க. சாயம் அடிச்சிக்கிட்டு இருக்கோம். ரெண்டு வாரம் போகட்டும்லா!”

அப்பாடா! தங்கராஜு உள்ளே ஓடிப்போய் கோட்டுக்காரருக்கு ஒரு கும்பிடு போட்டார்.

மறுநாள் காலை ஐயாவு கடையைத் திறக்குமுன்பே சிவானந்தம் வந்து நின்றார். செய்தித்தாளில் சுற்றிய படத்தைப் பிரித்து மேசைமேல் வைத்தார். அதே முகம். கோட்டு மட்டும் பச்சை.

“இந்த அப்பா வேணாங்க, வேற அப்பா குடுங்க! இவரு எங்க வீட்டுச் சுவத்துல இருந்தா, அந்தப் பொண்ணு என் மகனுக்குத் தங்கச்சி ஆயிடும்லா!”