வளைவுக் கம்பம்

அமெரிக்காவின் கென்டக்கி மலையூர் ஒன்றின் மின்சாரக் கூட்டுறவு அலுவலகத்தில், மின்கம்பங்களில் மற்ற கம்பெனிகள் தங்கள் கம்பியைக் கட்ட அனுமதி கொடுப்பது டெல்பர்ட்டின் வேலை. அன்று வந்த ரோவீனா, சாலை வளைவில் நிற்கும் ஒரே ஒரு கம்பத்துக்கு மட்டும் விண்ணப்பித்ததைப் பார்த்து அவனுக்குச் சிரிப்பு வந்தது.

"நீங்க கேபிள் கம்பெனியா மேடம், இன்டர்நெட் கம்பெனியா?"

"ரெண்டும் இல்ல தம்பி."

"எவ்வளவு எடை?"

"ஒரு பவுண்டுகூட வராது."

"எந்த உயரத்துல?"

"என் கை எட்டுற உயரம் போதும்."

"சரியாப் போச்சு! அவ்வளவு கீழ கம்பி கட்டினா மாடுதான் வந்து மாட்டிக்கும். எதுக்கு மேடம் இந்த வேண்டாத வேலை?"

"கம்பத்தை மாத்துறதுக்கு முன்னாடி, அதுல இடம் வாங்கினவங்களுக்குத் தகவல் சொல்லுவீங்களாமே?"

"கட்டாயம் சொல்லுவோம். அவங்க பொருளை அவங்களே பத்திரமா இறக்கிக்கணும்ல?"

"அதுக்குத்தான் வந்தேன்."

ரோவீனா பையிலிருந்து சின்ன வெள்ளைச் சிலுவை ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"என் பையனோட கார் மோதின கம்பம் அது. போன வாரம் நீங்க மாத்தினப்போ, அவன் நினைவா நான் மாட்டியிருந்த பழைய சிலுவையும் கம்பத்தோடயே போயிடுச்சு."

டெல்பர்ட் விண்ணப்பத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"ஆணி அடிக்க மாட்டேன் தம்பி, கம்பம் ஏறுறவங்க கையைக் கிழிச்சிடும். கயித்துலதான் கட்டுவேன். அடுத்த தடவை மட்டும் முன்னாடியே சொல்லிடு. நானே வந்து அவனை இறக்கிக்கறேன்."