சட்டைக்குள் இன்னொன்று

"எந்த வீடு?"

இரண்டாவது மாடித் திருப்பத்தில் அந்த அம்மா வழியை மறித்துக்கொண்டு நின்றார். குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். இவரைப் பற்றி நாலாவது மாடி டெய்லர் போனிலேயே எச்சரித்திருந்தார். வருகிறவர் போகிறவரையெல்லாம் நோட்டம் விடுவார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் வீட்டு ஓனர் காலி பண்ணச் சொல்லிவிடுவார். ஆகவே தையல் வகுப்பு என்று சொல்லிவிட்டு நிற்காமல் ஏறி வந்துவிட வேண்டும்.

"நாலாவது மாடி. தையல் வகுப்பு" என்றார் வாத்தியார்.

"இந்த வயசுலயா?"

ஐம்பத்து நான்கு வயதுப் பள்ளி ஆசிரியருக்கு வியர்வை வழிந்தது. சட்டையைக் கழுத்துப் பட்டன் வரை பூட்டியிருந்தார். உள்ளே, கழுத்திலிருந்து கணுக்கால் வரை உடம்போடு ஒட்டிய கறுப்பு ரப்பர் உடுப்பு.

அங்கேதான் தப்புப் பண்ணிவிட்டார். பையில் கொண்டுவாருங்கள், இங்கே மாற்றிக்கொள்ளலாம், மாற்றாமல் சும்மா உட்கார்ந்திருந்தாலும் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்றுதான் டெய்லர் சொல்லியிருந்தார். ஆனால் வாசலில் செக்யூரிட்டி பையைத் திறக்கச் சொன்னால்? லிஃப்டில் கேமரா இருந்தால்? யோசித்து யோசித்து, பையே வேண்டாம் என்று சட்டைக்குள் போட்டுக்கொண்டு, உச்சி வெயிலில் இரண்டு பஸ் மாறி, படியேறி வந்திருந்தார்.

நாலாவது மாடியில் ஞாயிறுதோறும் ஏழெட்டுப் பேர் கூடுகிறார்கள். ஆண்களை விரும்பும் ஆண்கள். தோல், ரப்பர் உடுப்புகளின் மேல் தீராத ஆசை கொண்டவர்கள். போட்டுப் பார்ப்பார்கள், கிழிந்ததை ஒட்டுவார்கள், டீ குடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவார்கள். டெய்லரும், அவரோடு வாழும் பஸ் டிரைவரும் இரண்டு வருடமாக ஒவ்வொருவராகச் சேர்த்த கூட்டம். இந்தக் கிறுக்கு, உலகத்தில் தனக்கு மட்டும்தான் என்று முப்பது வருடம் நம்பியிருந்த வாத்தியாருக்கு இன்றுதான் முதல் நாள்.

"என்னங்க இது, நடந்தா கீச்சுக்கீச்சுங்குது?"

புதுச் செருப்பு என்று சொல்ல வாயெடுத்தார். படிக்கட்டு சுழன்று மேலே வந்தது.

கண் திறந்தபோது படித்திருப்பத்தை ஒட்டியிருந்த அந்த அம்மாவின் வீட்டுக் கூடத்தில், தரையில் கிடந்தார். தலைக்கு மேல் ஃபேன் ஓடியது. சட்டையின் பட்டன்களை யாரோ கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

"வேண்டாம்" என்றார். கையைத் தூக்க முடியவில்லை.

சட்டை விலகியது. உள்ளே கறுப்பாகப் பளபளத்தது. அந்த அம்மாவின் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன.

வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். தலைமையாசிரியர் அறை, தங்கை வீட்டு வாசல், ஆறாம் வகுப்பில் பின்பெஞ்சிலிருந்து எழப்போகும் சிரிப்பு, எல்லாம் வரிசையாக வந்துபோயின. இப்படியே போய்ச் சேர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

வாசலில் காலடிச் சத்தம். விழுந்த சத்தத்தை மேலிருந்து கேட்டு, டெய்லர் கத்தரியும் கையுமாக ஓடிவந்திருந்தார். அவருக்குப் பின்னால் டிரைவர். இருவர் மேலும் தலை முதல் கால் வரை தோல் உடுப்பு. மாற்ற நேரமில்லை. இரண்டு வருடத்தில் ஒருவர்கூட அந்த உடுப்போடு நாலாவது மாடி வாசலைத் தாண்டியதில்லை. பெயர்கூடத் தெரியாத ஒரு மனிதருக்காகத் தாண்டிவிட்டார்கள்.

அந்த அம்மா மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்களை அப்புறம் என்ன வேணும்னாலும் சொல்லுங்கம்மா" என்றார் டெய்லர். "முதல்ல இதை வெட்டணும். உள்ள வெந்துபோயிருப்பாரு."

வாத்தியாரும் தலையசைத்தார். வெட்டி எறிந்தால் போதும். இனிமேல் இந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டார்.

கத்தரி கழுத்தருகே வந்தது. அந்த அம்மா டெய்லரின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"தள்ளுங்க. இவருக்கு நினைவு இருக்கு. கழட்டிடலாம்."

டிரைவரிடம் அலமாரியிலிருந்து பவுடர் டப்பாவையும், ஒரு போர்வையையும் எடுத்துவரச் சொன்னார். டெய்லரிடம் ஈரத்துண்டு கேட்டார். வாத்தியாரைப் பக்கவாட்டில் திருப்பி, முதுகு ஜிப்பை இறக்கி, இடுக்கில் பவுடரைக் கொட்டினார். விரலை மடக்கிக்கொண்டு புறங்கையை உள்ளே நுழைத்தார். நகம் பட்டால் கிழிந்துவிடும் என்றார். தோள், கை, இடுப்பு என்று மெல்ல மெல்லச் சுருட்டிக்கொண்டே இறக்கினார். இறங்க இறங்கப் போர்வையால் மூடினார். இரண்டு ஆண்களும் அவர் சொன்னதைச் செய்தார்கள். கால் வழியாக உடுப்பு முழுசாக வெளியே வந்தது. ஒரு கீறல் இல்லை.

ஈரத்துண்டு நெஞ்சில் பட்டதும் வாத்தியாருக்கு மூச்சு சீராக வந்தது.

நகம் படாமல் விரலை மடக்கிக்கொள்ள வேண்டும் என்பது போட்டுப் பழகியவர்களுக்குத்தான் தெரியும். டெய்லர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"உங்களுக்கு எப்படிம்மா இதெல்லாம்..."

அந்த அம்மா உடுப்பை நாற்காலி முதுகில் சுருக்கம் விழாமல் போட்டுக்கொண்டிருந்தார். யாரையும் பார்க்கவில்லை.

"என் பையன் வீட்டை விட்டுப் போனப்புறம் போன்ல பார்த்துக் கத்துக்கிட்டேன். அதுக்கு முன்னாடி, அவன்கிட்ட இருந்த இதே மாதிரி ஒண்ணை நான் கத்தரியால வெட்டிப் போட்டேன். உடுப்பை மட்டும்தான் வெட்டுறேன்னு நெனச்சேன்."